யாரும் முடித்துவைக்காத மௌனம்

மஞ்சந்துறைச் சமாதான இல்லத்தில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஒரு நிமிட மௌனம், முடித்துவைக்க ஆளில்லாமல் அந்த மண்டபத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்படித் தங்கியதில் ஊரில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை. சர்வமதக் குழுவின் ஒழுங்கு தெரிந்தவர்கள், அது அங்கேதான் போய் முடியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குழுவில் நான்கு பெரியவர்கள்: பிள்ளையார் கோவில் குருக்கள், பெரிய பள்ளிவாசல் மௌலவி, அந்தோனியார் கோவில் சுவாமி, புத்த விகாரையின் பிக்குவான ஹாமதுரு. நால்வரும் எல்லாவற்றிலும் சமம் என்பது முதல் விதி. அந்த விதியைக் காப்பாற்ற எட்டு வருடங்களாக அவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். விளக்கு ஏற்றுவது ஒருவருக்கு ஆகாது என்று விளக்கைக் கழித்தார்கள், விளக்கு போனபிறகு குர்ஆன் ஓதும் கிராஅத் மட்டும் எதற்கு என்று அதைக் கழித்தார்கள், ஜெபம் இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகிறது என்று அதைக் கழித்தார்கள், பிக்கு ஓதிக் கட்டும் பிரித் நூல் எல்லோர் கையிலும் ஏறாது என்று அதைக் கழித்தார்கள், நாற்காலிக் கால்களை அளந்து உயரமானவற்றை அறுத்தார்கள். ஒருவர் தின்பதை மற்றவர் தின்னாததாலும் ஹாமதுருவுக்குச் சீனி வருத்தம் இருந்ததாலும், சிற்றுண்டி என்ற பெயரில் கடைசியாக மிஞ்சியது பாலும் சீனியும் போடாத பிளேன்டீயும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும்தான்.

வணக்கத்தில் மிஞ்சியது மௌனம். மௌனத்துக்கு நால்வரிடமும் மறுப்பு இல்லை. ஆனால் அதை முடித்துவைப்பவர் முதலில் வாய் திறந்தவர் ஆகிவிடுவார், முதலில் வாய் திறந்தவர் மற்ற மூவருக்கும் மேலே போய்விடுவார் என்பதால், நால்வரும் சேர்ந்து முடித்துவைப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். சேர்ந்து என்ன சொல்வது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அன்று ஏழு நாடுகளின் உரையாடல் குழுக்களிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஹெல்கா, கதர்ச்சட்டை போட்ட, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய பெண். எல்லோரும் எழுந்து நின்று கண்களை மூடினார்கள். ஒரு நிமிடம் போனது. நான்கு நிமிடம் போனது. குருக்கள் ஒரு கண்ணைத் திறந்து மௌலவியைப் பார்த்தார், மௌலவி சுவாமியைப் பார்த்தார், சுவாமி ஹாமதுருவைப் பார்த்தார், ஹாமதுரு கூரையைப் பார்த்தார். மரியாதைக்காக ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் ஆனபோது மின்விசிறியின் சத்தம் நின்றிருந்தது, விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது யோகமலர் முன்னால் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

அவள் அந்த இல்லத்தைக் கூட்டித் துடைப்பவள், பிளேன்டீ ஊற்றுபவள். ஐம்பத்திரண்டு வயது. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக, ‘பாதிக்கப்பட்டோர் குரல், மூன்று நிமிடம்’ என்று போட்டிருந்தது அவளுக்காக. அந்த மூன்று நிமிடத்துக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். சொல்ல இருந்ததோ ஒரே ஒரு விஷயம். சமாதான இல்லம் இருக்கும் இடத்தில் முன்பு ஐஸ் பக்டரி இருந்தது, பக்டரிக்கு ஒரு கிணறு இருந்தது, கலவரம் நடந்த வருடம் ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரைக் கொண்டுவந்து அதற்குள் போட்டார்கள், மூன்று கிழமை கழித்து மற்றப் பக்கத்தார் இந்தப் பக்கத்தாரைக் கொண்டுவந்து அதே கிணற்றுக்குள் போட்டார்கள், இரண்டாவது தடவை போடப்பட்டவர்களில் அவளுடைய புருஷன், தச்சுவேலை செய்த தம்பிமுத்து ஒருவன். கிணற்றை மண் போட்டு மூடினார்கள். பிறகு, நான்கு வணக்கத் தலங்களிலிருந்தும் சம தூரத்தில் சமாதான இல்லம் அமைய வேண்டும் என்று நாடா பிடித்து அளந்தபோது அந்த இடமே வந்தது. அங்கே என்ன இருக்கிறது என்பது நால்வருக்கும் தெரியும். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். மஞ்சந்துறையில் நான்கு மதங்களும் வாக்குவாதம் இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

இந்தத் தரையை உடைத்து அவரை எடுத்துத் தாருங்கள் என்று சொல்ல யோகமலர் வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது, நாக்கு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. மூன்று நிமிடமும் அவள் அப்படியே பேசினாள். முப்பது பேரும் கண்களை மூடியிருந்தார்கள், ஹெல்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அன்றிலிருந்து அந்த மண்டபத்துக்குள் எதுவும் சத்தம் போடவில்லை. நாற்காலி விழுந்தால் விழுந்ததாகக் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். யன்னல் வழியாக உள்ளே வந்த காகம் ஒன்று கரைந்துபார்த்து, மறுபடியும் கரைந்துபார்த்து, தனக்கே பயந்து வெளியே பறந்தது. இரண்டு கிழமைக்குள் ஊர் அதற்குப் பழகி, அதைப் பயன்படுத்தவும் தொடங்கியது. வயிற்றுவலியில் கத்தும் கைக்குழந்தைகளைத் தாய்மார் கொண்டுவந்தார்கள், குழந்தைகள் உள்ளே சத்தமில்லாமல் கத்திக் களைத்துத் தூங்கின. கணக்கு வாத்தியார் பரீட்சை வைத்தார். குடித்துவிட்டு வரும் புருஷன்மாரைப் பெண்கள் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே தள்ளி, அவர்கள் திட்டி முடியும்வரை வெளியே நின்று வெற்றிலை போட்டார்கள். சந்தியில் மீன் விற்கும் பாக்கியம், “அதில ஒரு போத்தல் அடைச்சுத் தாவன் மலர், எங்கட மாமியாருக்கு வெள்ளனக்கும் பின்னேரமும் குடுக்க” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். யோகமலர் சிரிக்கவில்லை.

ஏனென்றால், தினமும் அதைத் துடைப்பவள் அவள். ஐந்தாம் நாளிலிருந்து மௌனம் பொருட்களின் மேல் படியத் தொடங்கியிருந்தது. ஆறிய இறைச்சிக்கறியின் மேல் உறையும் கொழுப்பைப் போல, நாற்காலிக் கைகளிலும் ஒலிவாங்கியிலும் யன்னல் கம்பிகளிலும் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு படை. பூச்சாடியில் பத்து நாள் நின்ற தண்ணீரின் மணம் அதில் இருந்தது. சவர்க்காரத்துக்கு அது போகவில்லை, சுடுநீருக்கு இளகி விரல் இடுக்குகளில் ஏறிக்கொண்டது. சோறு பிசையும்போது அவளுக்குக் குமட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோ அதை விரலால் தொட்டு நெற்றியில் தடவிக்கொண்டார்கள், ஒருவர் உதட்டிலும் தடவினார்.

யோகமலர் இணைப்பாளர் ஜெரால்டிடம் போனாள். குழுவின் கடிதங்களையும் அறிக்கைகளையும் எழுதுபவன் அவன். வாசலில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, உள்ளுக்குச் சொல்ல ஏலாமப் போயிட்டு. இஞ்ச வெச்சுச் சொல்றன், எழுதுங்க.”

“அக்கா, இஞ்ச சொல்றது சும்மா கதை. உள்ளுக்குச் சொன்னாத்தான் உரையாடல். அறிக்கையில உரையாடல மட்டும்தான் போடலாம்.”

“உள்ளுக்கு வாய் திறந்தா ஒண்டும் வருகுதில்லையே.”

“அதுதானே அக்கா விசேஷம். ஹெல்கா மேடம் அழுதிட்டா, கண்டீங்கதானே?”

“அவ அழுதா எனக்கென்ன? கிணத்தத் தோண்டச் சொல்லுங்க.”

ஜெரால்ட் முதல்முறையாகத் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். “அந்தச் சொல்ல மட்டும் எடுக்காதீங்க. நாலு பேரும் ஒத்துக்கொண்டாத்தான் எதுவும். நீங்களே போய்க் கேளுங்க.”

அவள் கேட்டாள். நால்வரும் வேப்பமரத்தடியில் அறுத்த நாற்காலிகளில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கோப்பைகளைக் கொடுத்ததும் அவள்தான். சொல்லிமுடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு மௌலவி, “தங்கச்சி, நாங்க மறந்திட்டம் எண்டு நினைக்காதீங்க. மறக்கல்ல. பொறுமையா இருந்து சபூர் செய்றம்” என்றார்.

“நீங்க செய்ற சபூர் என்ட தலையிலயா விடியணும்?”

குருக்கள் தொண்டையைச் செருமினார். “புள்ள, தோண்டினா ஆர் ஆர் எண்டு பிரிக்க வேணும். எரிக்கிறதா அடக்குறதா எண்டு வரும். பிறகு திரும்பவும் வெட்டுக்குத்து. நாங்க நாலு பேரும் ஒண்டா இருக்கிறது உனக்குப் பிடிக்கல்லையா?”

சுவாமி கோப்பையின் அடியில் இருந்த தூளைப் பார்த்தார். ஹாமதுரு, அவளுக்காகப் பிரார்த்திப்பதாகத் தமிழில் மெதுவாகச் சொன்னார். யோகமலர் நான்கு கோப்பைகளையும் வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். கோப்பை விளிம்புகளிலும் அந்தக் கொழுப்பு படிந்திருந்தது.

அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது. ஆவணியில் ஏழு நாடுகளின் மாநாடு மஞ்சந்துறையில் மூன்று நாள் நடக்கும், மாநாடு முடிந்த மறுநாள் மண்டபத்தின் தரை முழுவதும் மூன்றடி ஆழத்துக்குக் கொங்கிறீட் போட்டு அதன்மேல் நான்கு தூண்களோடு நினைவுச்சின்னம் எழும்பும், அதன் பெயர் மௌனத்தின் வீடு. அதைப் படித்துக் காட்டிய ஜெரால்ட், “இனி உங்களுக்குத் துடைக்கச் சுகம் அக்கா, எல்லாம் மாபிள்” என்றான்.

இதற்கிடையில் மௌனம் வெளிநாடு போயிருந்தது. ஹெல்காதான் அதைக் கண்டுபிடித்தாள். மண்டபத்தின் யன்னல் திரையில் ஒரு முழம் வெட்டிக் கொண்டுபோய்த் தன் ஊர் மண்டபத்தில் தொங்கவிட்டாள், மூன்றாம் நாள் அங்கேயும் பிடித்துக்கொண்டது. பிறகு மற்ற ஆறு நாடுகளும் ஆளுக்கு ஒரு முழம் கேட்டு எழுதின. திரைகளை வெட்டி, மடித்து, பொட்டலம் கட்டி, தபாலில் சேர்த்தார்கள். நன்றிக் கடிதங்கள் வந்தன. எங்கள் குருமார் இருபது வருடம் சண்டை பிடித்தார்கள், இப்போது ஒரே அறையில் மணிக்கணக்காக இருக்கிறார்கள், உங்கள் ஊருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எழுதியிருந்தார்கள். ஜெரால்ட் கடிதங்களையும் கூடவே வந்த படங்களையும் வெளியே வாசல் பலகையில் குத்தி வைத்தான்.

திரைகளைத் தோய்க்கிறவள் மர்ளியா. இல்லத்தின் திரைகள், மேசைவிரிப்புகள், வெள்ளை நாற்காலி உறைகள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன், உழவு இயந்திரம் ஓட்டிய உவைஸ், கிணற்றுக்குள் முதலாவது தடவை போடப்பட்டவர்களில் ஒருவர். இவளுடைய ஆட்கள் அவளுடைய ஆளைப் போட்டார்கள், அவளுடைய ஆட்கள் இவளுடைய ஆளைப் போட்டார்கள் என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியும். அதனால் ஆறு வருடமாக ஒரே குழாயடியில் நின்று, சவர்க்காரம், வெயில், தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு காலையில் மர்ளியா பலகைக்கு முன்னால் நின்றாள். “அக்கா, இஞ்ச வாங்க.”

தூர நாடு ஒன்றின் மண்டபம். ஐந்து மதகுருக்கள் கண்களை மூடி, கைகளைக் கோத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒரு பெண் நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது.

“இவ ஆரு?”

“தெரியா.”

“பாட்டுப் படிக்கிறாவோ?”

“இல்ல,” என்றாள் யோகமலர்.

மற்றப் படங்களையும் பார்த்தார்கள். ஒன்றில் கிழவி, ஒன்றில் பாடசாலைச் சீருடையில் ஒரு பெண், ஒன்றில் ஒரு கை மட்டும், உயர்த்தியபடி. எல்லாம் ஓரத்தில். மர்ளியாவின் கையில் ஈரத்துணி இருந்தது. அதைப் பிழியாமல் வைத்திருந்தாள், தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

“எனக்குக் குமட்டிச் சத்தி வருகுது அக்கா.”

“எனக்கு மூண்டு மாசமா வருகுது.”

மர்ளியா துணியை வாளிக்குள் போட்டாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்: “உள்ளுக்கு என்ன உடைச்சாலும் கேக்காதுதானே?”

யோகமலர் அவளைப் பார்த்தாள்.

“எங்கட வீட்ட அலவாங்கு ஒண்டு கிடக்கு,” என்றாள் மர்ளியா. “காக்காட.”

மண்டபத்தின் பின்மூலையில் விளக்குமாறும் வாளியும் வைக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது, அதற்கு ஒரே கதவு, அது மண்டபத்துக்குள்தான் திறந்தது, மௌனம் அதற்குள்ளும் இருந்தது. கிணற்றின் வாய் அந்த அறைக்குக் கீழேதான் என்பது யோகமலருக்குத் தெரியும், ஐஸ் பக்டரியில் வேலை செய்த காலத்தில் அந்தக் கிணற்றில் அவள் ஆயிரம் தடவை தண்ணீர் அள்ளியிருக்கிறாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, கணக்கு வாத்தியாரின் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, அவள் அறையின் சீமெந்தில் அலவாங்கை ஓங்கிக் குத்தினாள். இரும்பு துள்ளியது, பொறி பறந்தது, ஒரு மாணவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியே தோண்டினார்கள். ஒருத்தி தோண்ட ஒருத்தி மண்ணைக் குப்பை வாளியில் அள்ளி மேலே கிறீம் கிறேக்கர் உறைகளைப் போட்டு மூடி வெளியே கொண்டுபோனாள், கைக்குழந்தைகள் தூங்கும்போது தோண்டினார்கள், குடிகாரர்கள் வாயசைத்துத் திட்டும்போது தோண்டினார்கள், நால்வரும் வந்து நினைவுச்சின்னத்தின் தூண்கள் எந்தத் திசையைப் பார்ப்பது என்று கைச்சாடையால் வாக்குவாதப்பட்டபோதும் தோண்டினார்கள். பூஞ்செடிகளுக்கு மண் எங்கிருந்து வருகிறது என்று ஜெரால்ட் கேட்கவில்லை, செடிகள் நன்றாக வந்திருக்கின்றன என்று மட்டும் சொன்னான். கிணற்றுக்குள் மண் இறுகியிருந்தது, ஒரு ஆள் உயரத்தில் செங்கல் வந்தது, ஒன்றரை ஆள் உயரத்தில் ஈரம் வந்தது. மூச்சுவாங்கும் சத்தம்கூடக் கேட்காததால், ஒருத்தி களைத்திருக்கிறாளா என்பதை மற்றவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆறு வருடம் பார்க்காத முகம்.

மாநாடு தொடங்கியது. இருநூறு பேர் வந்தார்கள். வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் இருந்து, கண்களை மூடி, மூன்று நாளும் மௌனத்தில் இருந்தார்கள். இடையிடையே வெளியே வந்து வேப்பமரத்தடியில் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். பாதங்களின் வழியாகத் தரையிலிருந்து ஏதோ ஒன்று எங்களைத் தொட்டது என்றார் ஒருவர். ஆம், ஒரு துடிப்பு, சீராக வந்தது, இந்த மண்ணின் இதயத்துடிப்பு என்றார் இன்னொருவர். அதைக் கூட்டு அறிக்கையில் சேர்க்கலாம் என்று ஹெல்கா சொன்னாள், ஜெரால்ட் குறித்துக்கொண்டான். யோகமலர் அவர்களுக்கு பிளேன்டீ ஊற்றினாள். அவளுடைய உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், கூட்டு அறிக்கைக்கு முந்திய கடைசி மௌனத்தின்போது, மர்ளியாவின் கை சேற்றுக்குள் ஒன்றைத் தொட்டது. அவள் அதை மேலே நீட்டினாள். யோகமலர் குனிந்து வாங்கினாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. இரண்டு தடவை போடப்பட்டவர்களும் ஒருவர்மேல் ஒருவராக, ஒருவர் விலா எலும்புக்குள் ஒருவர் கையாகக் கிடந்தார்கள். எது தம்பிமுத்து, எது உவைஸ் என்று தெரியவில்லை. இருவரும் அதைத் தேடவும் இல்லை. தேநீர்க் கோப்பை கழுவும் அலுமினியப் பேசினில் ஒரு நாற்காலி உறையை விரித்து, கைக்கு வந்ததையெல்லாம் அதில் அடுக்கினார்கள். பேசின் நிரம்பியபோது மர்ளியா ஏறி வந்தாள், இடுப்புவரை கறுப்புச் சேறு. பேசினின் இரண்டு காதுகளையும் இருவரும் பிடித்துத் தூக்கினார்கள். வெளியே போக மண்டபத்தின் நடுப்பாதை ஒன்றுதான் வழி.

முதலில் போனது நாற்றம். அந்தக் கொழுப்பின் புளித்த மணத்தை அது ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போனது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சுளித்துக் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரும் திறந்தார். வரிசை வரிசையாக இருநூறு பேரும் கண்களைத் திறந்தார்கள். இரண்டு பெண்கள், சேறு, அலுமினியப் பேசின், அதற்குள் இருந்தது. பார்த்தார்கள். ஹெல்கா நன்றாகப் பார்த்தாள், ஒரு மண்டையோட்டின் பல்வரிசையை எண்ணிவிடும் அளவுக்குப் பார்த்தாள். மேடையில் இருந்த நால்வரும் பார்த்தார்கள்.

பிறகு ஹெல்கா கண்களை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவர் மூடினார். ஏழு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், கற்றுக்கொண்ட பாடத்தைப் போலக் கண்களை மூடிக்கொண்டன. மேடையில் நால்வரும், இந்தமுறை யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல், ஒரே சமயத்தில் மூடினார்கள்.

ஜெரால்ட் மட்டும் ஓடிவந்து கதவை மறித்தான். கைகளை விரித்தான். அவன் வாய் திறந்து மூடித் திறந்தது, தொண்டை ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. யோகமலர் நின்று அந்த வாயைப் பார்த்தாள். அதில் என்ன சொல் இருந்தது என்று அறிய அவள் விரும்பவில்லை. பேசினைச் சற்றுச் சாய்த்தாள், சேற்றுத்தண்ணீர் அவன் சப்பாத்தில் வழிந்தது. அவன் துள்ளி விலகினான்.

வாசல்படியைத் தாண்டியதும் சத்தம் வந்தது. எலும்புகள் அலுமினியத்தில் முட்டின. சந்திவரை கேட்கும் சத்தம். குழந்தைகளோடு வாசலில் நின்ற தாய்மார் திரும்பினார்கள். பாக்கியம் மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள், அவளுக்குப் பின்னால் இரண்டு தெருப் பெண்களும் வந்தார்கள். முக்காடு போட்டவர்களும் போடாதவர்களும் பேசினைச் சுற்றி நின்றார்கள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்: “இது ஆர்ர ஆக்கள்?”

இருவரும் பேசினை மண்ணில் வைத்தார்கள். மர்ளியாவுக்கு மூச்சுவாங்கியது, அது நன்றாகக் கேட்டது. யோகமலர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

“இன்னும் நிறையக் கிடக்கு,” என்றாள். “வாளி இருக்கிறவங்க எடுத்துக்கொண்டு வாங்க.”